ரத்தம் சொன்ன சேதி

குருவிநத்தத்துக்குப் பெண் பார்க்க வந்த டேனியல், பெண்ணின் அப்பா பாக்யராஜிடம் மெதுவாகச் சொன்னான்.

"மறைக்க இஷ்டமில்ல மாமா. மூணு வருஷம் முன்ன எனக்குப் புத்துநோய் வந்துச்சு. ஸ்கேனோட, ரத்தத்துல மார்க்கர்னு ஒன்னு ஏறிக் கெடந்ததயும் வச்சுத்தான் இன்னா வகைன்னு கண்டுபுடிச்சாங்க. இப்ப நல்லாயிட்டேன்."

பாக்யராஜுக்குத் திக்கென்றது. மகள் விஜயராணியைத் தேடி உள்ளே போனார்.

"பையன் நல்லவன்தான். ஆனா புத்துநோய் வந்தவனாம்மா. வாணான்னு சொல்லிடட்டா?"

"எனக்குத் தெரியும்ப்பா."

"ஒனக்கு எப்பிடி?"

"எங்க ஆஸ்பத்திரி லேப்ல அவுரு ரத்தத்த டெஸ்ட் பண்ணதே நான்தான். மொதல்ல மார்க்கர் அளவப் பாத்து பயந்துட்டு, திரும்பவும் டெஸ்ட் போட்டேன். கீமோ குடுக்கக் குடுக்க எறங்கிச்சு. இப்ப ரொம்ப நாளா நார்மல்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"நோயாளி விஷயத்த வூட்ல பேசக்கூடாதுப்பா. அவுரே சொல்றாரான்னு பாத்துக்கினு இருந்தேன். சொல்லிட்டாரு. எனக்குச் சம்மதம்."

பாக்யராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பெருமையை அவரால் அடக்க முடியவில்லை.

"மாப்ள, ஒங்க நோயக் கண்டுபுடிச்சுக் குடுத்ததே எம்பொண்ணுதான்."