நமியின் நீட்டிய கை

ஊருக்கு ஊர் காட்சியகங்களில் கடல் நீர்நாய்கள் அற்றுப்போய்க்கொண்டிருந்தபோது எங்கள் மீன்காட்சியகத்தில் இரண்டு மிஞ்சியிருந்தன. தண்ணீரில் மல்லாந்து, கைகோத்தபடி மிதந்து தூங்கும். பனிக்காலத்தில் ஆண் ஷியோ செத்துப்போனது. அதன் துணையான கிழட்டுப் பெண் நீர்நாய் நமி, தீனியாகப் போட்ட சிப்பியைத் தொடவே இல்லை.

ஒருநாள் காலை அது மறுபடி தின்றது. பிறகு முன்போலவே இடது கையை நீட்டிக்கொண்டு தூங்கியது. நீரோட்டம் தொட்டியிலிருந்த பந்தை ஓரத்துக்குத் தள்ளியது. நமியைத் தள்ளவில்லை.

"பழக்கதோஷம்மா," என்றார் மூத்த பராமரிப்பாளர் இனாபா.

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே போடறேன் சார்," என்றாள் தீனி போடும் உதவியாளர் தொகிகோ.

"போடு, போடு. தின்னே வெடிக்கட்டும்."

அவள் தினமும் இரண்டு பங்கு கணவாய் மீன் போட்டாள். தொட்டியில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. நமியின் எடையும் கூடவில்லை. இனாபா கேலியை நிறுத்திக்கொண்டார்.

செர்ரி பூத்த வாரத்தில் நமி தூக்கத்திலேயே இறந்தது. தொட்டியின் நடுவில் கையை நீட்டியபடி கிடந்தது. இனாபா வலைபோட்டு இழுத்தார், வரவில்லை. பலமாக இழுக்கப் போனவரைத் தொகிகோ தடுத்துவிட்டு, தொட்டியோரம் மண்டியிட்டாள்.

"விட்டுடு ஷியோ. இவ்வளவு நாள் நீ பாத்துக்கிட்ட. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு நமியின் கை மெல்லத் தாழ்ந்தது. நீரோட்டம் நமியைத் தொகிகோவின் கைகளில் கொண்டுவந்து சேர்த்தது.