இன்னும் ஒரு இஞ்ச்

"நான் அன்னிக்கே சொல்லல?" வேனுக்கு அடியில் படுத்திருந்த ஜெயகரன் தலையை வெளியே நீட்டினான். சொன்னது பலித்துவிட்ட மெக்கானிக்குக்கு வரும் சந்தோஷம் அவன் முகத்தில் வழிந்தது.

அடித்தகடு முழுக்கக் கீறல். ஈஸ்டர் முடிந்த கையோடு சகாயம் வந்து, வண்டியை மூன்று இஞ்ச் இறக்கித் தரச் சொன்னார். ஏறி இறங்குகிறவர்களுக்கு முட்டி வலிக்கிறதாம். அவர் வேனில் காலையில் பங்காருபேட்டை ரயிலைப் பிடிக்கப் போகிற அத்தனை பேரும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். தினசரி ஓட்டுகிற வண்டி, இறக்கினால் கண்ட இடத்தில் தட்டும் என்று ஜெயகரன் தலைபாடாக அடித்துக்கொண்டான். அவர் கேட்கவில்லை. ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மைசூர் மைன்ஸ் ஏரியா சந்தில் இருக்கும் வேகத்தடை ஹம்பில் தினமும் வண்டி தட்டி நிற்கும். எல்லாரும் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏற வேண்டும். மெயின் ரோடு இருக்க இந்தச் சந்து எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். ஏழு பேரில் இப்போது மிச்சம் மூன்று பேர்.

சகாயம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாங்கிக் கொடுத்த டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

ஜெயகரனுக்குப் பாவமாக இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஒரே மகள் அமலா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, இனி என் வாசப்படி மிதிக்காதே என்றவர் இவர்தான். உள்ளூரிலேயே இருந்தும் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். காலையில் பின்சீட்டில் கேட்கிற அரை மணி நேர அரட்டைதான் மனுஷனுக்கு மிச்சம். அதுவும் போய்விட்டால் இவர் என்ன செய்வார்?

"புது ஸ்பிரிங் போட்டு பழையபடி தூக்கிடறேன் அங்கிள். சாயந்திரம் வந்து எடுத்துக்கங்க."

"தூக்க வாணாம்பா," என்றார் சகாயம். "இன்னும் ஒரு இஞ்ச் எறக்கு."

ஜெயகரன் ஸ்பானரைக் கீழே வைத்தான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறாரா என்று ஒரு தரம் உற்றுப் பார்த்தான். "இருக்கற மூணு பேரும் ஓடிடுவாங்க அங்கிள்."

தெரியும் என்று தலையாட்டினார். புதுத் தார் போட்டபோது அந்த ஹம்பைச் சீவிவிட்டார்களாம். பத்து நாளாக வண்டி உரசாமல் வழுக்கிக்கொண்டு போகிறதாம். துக்கம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. அதுக்கு இன்னாத்துக்குக் கவலப்படறீங்க?"

ஈஸ்டர் பூசைக்கு ஆட்களை அடைத்து ஏற்றிப்போனபோதுதான் அங்கே முதல் தடவை தட்டியது என்றார் சகாயம். அப்புறம் ஏடு படிந்த டீயைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"தட்ற சத்தம் கேட்டாதாம்பா அமலா வெளிய வந்து என்னைத் திட்டுவா."