கரை ஒதுங்குவதற்கு முன்

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார் கொர்னேலியஸ். ஒரு மூலையில் ஸ்டானியின் தட்டு இருந்தது. அதை நகர்த்தாமல், வரைபடத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டார்.

மரியபுஷ்பம் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போலக் குழம்பைக் கிளறினாள். உப்பு ஜாடியின் அடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. போன வாரம்தானே நிரப்பினோம் என்று தோன்றியது. இப்போதெல்லாம் எதுவும் அவள் நினைவில் நிற்பதில்லை.

"மங்களூர் வரைக்கும் ரோடு இருக்கு. அதுக்கு வடக்கே ரெண்டு ஆறு, படகுல ஜீப்பை ஏத்திக் கடக்கணும். கடைசி ஊரோட ரோடு முடிஞ்சுடும். அப்புறம் மணல்தான். டயர்ல பாதிக் காத்தை இறக்கிட்டு, கடல் உள்வாங்குற நேரமாப் பார்த்து ஈர மணல்மேல ஓட்டிடலாம். புதைஞ்சா சக்கரத்துக்கு அடியில போடக் கோணி வேணும்" என்றார் கொர்னேலியஸ்.

"சும்னே இருங்க மச்சான். சாமுண்டி மலை ஏறுறதுக்குள்ள மூணு தடவை தண்ணி கேக்குது என் ஜீப்பு. அதுக்குக் கடல் வேறயா?" என்றான் சூசைநாதன். மரியபுஷ்பத்தின் தம்பி. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை ஆசையாக எடுத்து வைத்திருந்தான்.

அவன் மட்டும் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

போன வருஷம் மே மாதக் கடைசியில், மங்களூர் ஓடு ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிய பாய்க்கப்பலில் சரக்குப் பார்க்கும் வேலையாகப் போனவன் அவர்கள் மகன் ஸ்டானி. கப்பல் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கடல் விழுங்கியதையெல்லாம் மழைக்காலம் முடிந்ததும், ரோடு முடிந்தபின் வரும் அந்தக் கரையில்தான் கொண்டுவந்து தள்ளுமாம். பலகை, கயிறு, புட்டி, உடைந்த ஓடு. ஆள் போகாத இடம், எல்லாம் அப்படியே கிடக்குமாம். யாரோ ஒரு லாரி டிரைவர் சொன்னது. அன்றிலிருந்து கொர்னேலியஸுக்கு வேறு பேச்சில்லை.

"ஏதாவது ஒண்ணு கிடைக்கும் புஷ்பம்" என்றார். "நீ வேணாப் பாரு."

அவர் கண்களைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு வெளிச்சம் அவற்றில்.

அவளுக்குள் அந்த வெளிச்சம் என்றைக்கோ அணைந்துவிட்டது. போன கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தது. கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில், யார் யாரோ ஏற்றிய மெழுகுவத்திகளுக்கு இடையே தன்னுடையதை நட்டாள். கொர்னேலியஸ் ஏற்றவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் இன்னும் காத்திருக்கிறார் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் தினமும் தட்டை வைத்தாள். தானும் காத்திருப்பதாக அவர் நினைக்கட்டும் என்று.

சாப்பிடும்போது சூசைநாதன், "என்னக்கா, குழம்புல உப்பையே காணோம்?" என்றான். கொர்னேலியஸ் குனிந்தபடியே சாப்பிட்டார்.

கை கழுவியதும் ஆண்கள் இருவரும் ஜீப்பைப் பார்க்கப் போனார்கள். மரியபுஷ்பம் ஸ்டானியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

பல நாளாக யோசித்து வைத்திருந்ததுதான். அவனுடைய பழைய பிரவுன் பூட்ஸ் அதில் இருக்கிறது. கப்பலுக்குப் போகுமுன், அதே மாதிரிதான் வேண்டும் என்று தேவராஜ மார்க்கெட் பக்கம் அதே கடையில் புது ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். பழையதில் ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணிக்குள் சுருட்டி எடுத்துப்போக வேண்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது மணலில் போட்டுவிட வேண்டும். அவரே கண்டெடுக்கட்டும். அதை ஒரு பெட்டியில் வைத்துப் புதைக்கலாம். அவர் காத்திருப்பது நிற்கும். அவளுக்கும் மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் இருக்கும்.

பெட்டியில் வலது கால் பூட்ஸ் மட்டும் இருந்தது.

துணிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். இதையும் எங்கோ வைத்துவிட்டு மறந்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, தேடியபடி பின்கட்டு வரை வந்தாள்.

விறகுக்குப் பின்னால் ஓர் இரும்பு வாளி. மேலே நனைந்த கோணி. கோணியின்மேல் ஒரு கல்.

வாளியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள்.

கோணியை விலக்கினாள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் இடது கால் பூட்ஸ் கிடந்தது. மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு பெரிய இரும்பு நட்டைப் போட்டு, நாடாவை உருவி, குதிகால் தோலை அரத்தால் ராவியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷம் இரும்பை ராவிய கொர்னேலியஸின் கைச் சுத்தம்.

வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அழுகை வரவில்லை. இந்த வீட்டில் ஒருவராவது நம்பிக்கொண்டிருக்கிறார் என்று இத்தனை நாளும் அதில்தான் சாய்ந்திருந்தாள். சாய்ந்த இடத்தில் சுவர் இல்லை. தினமும் அவள் வைத்த தட்டை அவர் என்னவென்று நினைத்துப் பார்த்திருப்பார் என்பது இப்போது தெரிந்தது.

"புஷ்பம்! அங்கே ரெண்டு கோணி கிடக்கும் பாரு, எடுத்துட்டு வா!" வாசலிலிருந்து அவர் குரல் உற்சாகமாக வந்தது. சட்டென்று தடுமாறியது. "இல்ல, நீ இரு, நானே வரேன்!"

"வேணாங்க, நானே எடுத்துட்டு வரேன்" என்றாள்.

உள்ளே போய் ஜாடியில் ஒட்டியிருந்த உப்பையெல்லாம் சுரண்டிக்கொண்டு வந்தாள். வாளியில் போட்டுக் கையால் கலக்கினாள். கோணியை இருந்தபடியே மூடிக் கல்லை வைத்தாள்.

அதைவிட்டு வேறு இரண்டு கோணிகளை உதறி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.