பல்லுக்கு நடுவே இடம்

புதுப் பிளேடு, கூரான பல். ஆனாலும் அவள் ஓட்டும் மின்சாரப் பட்டை ரம்பம் அலுமினியக் கட்டிக்குள் அரை அங்குலத்துக்கு மேல் இறங்க மறுக்கிறது. ஷெட் வாசல் வெயிலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில், கால்தாங்கி உடைந்த அவனுடைய சக்கர நாற்காலி. நாளைக் காலை அவன் வேலைக்குப் போயாக வேண்டும். புதுத் தாங்கி வெட்ட இருப்பதோ இந்த ஒரே கட்டி. “இன்னும் அழுத்திப் பாரேன்.” “அழுத்துனா புகைதான் வருது. நீங்க சும்மா இருங்க.” “மூணு நாளா அதைத்தானே செய்றேன்?” அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடை வெளிச்சத்தில் திருப்புகிறாள். பல் தேயவில்லை. பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் அலுமினியத் துருவல் அப்பிக்கொண்டு, விளிம்பு மொழுமொழுவென்று மின்னுகிறது. “பல்லு நெறய இருந்தா நல்லதுன்னு வாங்கிட்டேன்.” “நல்லதுதானே?” “வாய் நெறய அடைச்சா மெல்ல முடியுமா?” சுவர் ஆணியில் தொங்கும் மூன்று பிளேடுகளில், அங்குலத்துக்கு ஆறே பல் உள்ளதை எடுத்து மாட்டுகிறாள், அதன் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறாள். பிளக்கைச் செருகியதும் ரம்பம் உறுமாமல் முனகுகிறது. துருவல் சுருள்சுருளாக வெளியே உதிர்கிறது. கட்டி இரண்டாகப் பிரிந்து மேசையில் சாய்கிறது. தடித்த அலுமினியத்துக்குத் தேவைப்பட்டது, துருவல் தங்கி வெளியேற இடம் விட்ட பெரிய பல்லும் கொஞ்சம் மெழுகும்தான்.