தாய்மாமன் மடி

"மணையில நீ உக்காராதண்ணா. பாண்டு அண்ணன் உக்காரட்டும்."

மலர்விழி இதை மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. திண்டிவனத்து மண்டபத்தில் கூடியிருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

பாதி உட்கார்ந்த தென்னரசு அப்படியே எழுந்து நின்றான். தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து. அவன் தாய்மாமன். பாண்டுரங்கன் பெரியப்பா மகன். அவனும் மாமன் முறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது அவன் மடி எதற்கு?

"ஏன், எனக்கு என்னா?"

"உனக்கு என்னான்னு உனக்கே தெரியாதா?"

தெரியும். ஈரலில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி. வந்தது போகாது, மாத்திரை போட்டு அடக்கித்தான் வைக்க வேண்டும் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஜோடியாகக் காதுக்குள் ஓயாத ஒரு 'ஙொய்'. கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்த்ததற்குக் கிடைத்த கூலி. சாப்பிடும்போதும் ஙொய், படுத்தாலும் ஙொய், கோபம் வந்தால் இரண்டு மடங்கு.

இந்த ஊர் நியாயத்தைப் பாருங்கள். காதில் சத்தம் கேட்கிறது என்றால் ஒருவனும் நம்ப மாட்டான். ஈரலில் கிருமி என்றால் மட்டும் ஒருவன் விடாமல் உடனே நம்பி, நாலடி தள்ளி நிற்பான்.

"மடியில வெச்சா ஒட்டாதுடி. தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல துன்னாலும் ஒட்டாது. ரத்தத்துலதான் பரவும்னு டாக்டர் படிச்சிப் படிச்சிச் சொல்லியிருக்காரு."

"காது குத்தினா ரத்தம் வராதா தம்பி?" என்று நடுவில் புகுந்தாள் மலர்விழியின் மாமியார் கெங்கம்மாள்.

"வந்தா கொழந்தைக்குத்தான அத்த வரும்? என் காதையா குத்தப் போறீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெங்கம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"குடிக்காம ஈரல் கெடுமா? வாய் மட்டும் நல்லா வேல செய்யுது."

அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது! காதுக்குள் ஙொய் ஏறிக்கொண்டே போனது.

"நான் கொண்டாந்த சீர்த்தட்ட மட்டும் ரெண்டு கையால வாங்கி வெச்சிக்கினீங்களே! கம்மல்ல ஒட்டாத கிருமி மடியில மட்டும் ஒட்டிக்குமா?"

மாப்பிள்ளை, பந்தியைப் பார்க்கிறேன் என்று நழுவினார். காது குத்த வந்த பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

மலர்விழிதான் முடித்து வைத்தாள்.

"எனக்கு எம் புள்ளதான் முக்கியம். நீ வெளிய போய் நில்லுண்ணா."

மாமியார் மருமகளைப் பெருமையோடு பார்த்தாள்.

அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னிவிட்டவன் அவன். விடுவிடுவென்று வெளியே வந்து வண்டிச் சாவியை எடுத்தான். ஸ்டாண்டிலிருந்து வண்டியைத் தள்ளி இறக்கினான்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. பாண்டுரங்கன் மடியில் குத்திவிட்டார்கள். காதில் இரைகிற அத்தனை இரைச்சலையும் மீறி அந்த அழுகை மட்டும் தெளிவாகக் கேட்டது.

வண்டியைத் திருப்புவதற்குள் மலர்விழி ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை, புதுக் கம்மலோடு தேம்பிக்கொண்டிருந்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்து, காதோரம் என்னவோ சொன்னாள்.

ஒரு எழவும் கேட்கவில்லை. ஙொய் மட்டும்தான்.

"காதுல மில்லு ஓட்றவன்கிட்ட வந்து குசுகுசுன்னு பேசுற? உள்ள மட்டும் ஊருக்கே கேக்குற மாதிரி பேசத் தெரிஞ்சுதில்ல? இப்பவும் சத்தமாச் சொல்லு!"

அவள் பயந்துபோய் மண்டப வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, கொஞ்சம் தேவலையாக இருக்கிற அவனுடைய வலது காதோரம் கையைக் குவித்துக்கொண்டு சொன்னாள்.

"கூடப் பொறந்தவங்களும் ரத்தம் குடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னு போன்ல சொன்னியே. பாத்தேன். எனக்கும் இருக்குண்ணா. அம்மாகிட்டருந்து நம்ம ரெண்டு பேருக்கும் வந்திருக்கும்னாங்க."

அவன் பதறிப்போய்க் குழந்தையைப் பார்த்தான்.

"பாப்பாவுக்கு இல்ல. பொறந்த அன்னிக்கே ஊசி போட்டுட்டாங்க, டெஸ்ட்டும் எடுத்துட்டேன். எங்க மாமியாருக்குத்தான் எதுவும் தெரியாது. அண்ணனுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்குமோன்னு தெனமும் நோண்டிக்கினே இருக்காங்க. நானே உன்னத் தள்ளி வெச்சாதான் நம்புவாங்க. தெரிஞ்சுதுன்னா இவள என் மடியிலருந்தும் புடுங்கிடுவாங்கண்ணா."

இவ்வளவு நேரம் இவள்மேல் கொட்டிய கோபம் இப்போது யார்மேல் போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"அங்க என்னாடி அண்ணனும் தங்கச்சியும் ரகசியம்?"

வாசலில் கெங்கம்மாள். அவள் பின்னால் நாலைந்து பேர்.

தென்னரசு தங்கச்சியின் கையை உதறினான். வண்டியை உதைத்துக் கிளப்பி, தெருவுக்கே கேட்கும்படி, முக்கியமாகக் கெங்கம்மாளுக்குக் கேட்கும்படி, அடித்தொண்டையிலிருந்து கத்தினான்:

"கிட்ட வராதடி! நீயெல்லாம் எங்கூடப் பொறந்தவளா? என் ரத்தம் வேற, உன் ரத்தம் வேற!"