குறட்டை

"கண்ணே தெரியாத உனக்கு சினிமா எதுக்குடி?" என்றார் எர்மெஸ், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"காது கேக்குதில்ல?" என்றாள் நிவெஸ். "நீ உன் கண்ணாடியை எடுத்துக்கிட்டியா?"

"தூங்கப் போறவனுக்குக் கண்ணாடி எதுக்கு? மேஜை மேலேயே கிடக்கட்டும்."

கோடை வந்தால் எங்கள் இத்தாலிய மீனவ ஊரின் மாதா கோயில் முற்றத்தில் திரை கட்டி, பங்குச் சாமியார் செல்சோ பழைய படங்கள் போடுவார். அதில் ஒரு அமெரிக்கப் படம் மட்டும் வருஷம் தவறாமல் வரும். கல்யாணமான ஒருத்தி, ஊருக்குத் தெரியாமல் ஒருவனை நேசித்துப் பிரிந்ததை வயதான காலத்தில் நினைத்துப் பார்க்கிற கதை. படகுத்துறையில் அவன் விடைபெறும்போது முற்றமே மூக்கைச் சிந்தும். எர்மெஸ் மட்டும் சரியாக அந்த இடத்தில் குறட்டை விடுவார். ஊருக்கு அது ஒரு தனி வேடிக்கை.

பக்கத்து வீட்டு யோலாண்டா நாற்காலி பிடித்து வைத்திருந்தாள்.

"எர்மெஸ், இன்னிக்காவது வாயை மூடிக்கிட்டுத் தூங்கு."

"அந்த அமெரிக்காக்காரன் என் பொண்டாட்டிய மயக்குறதப் பாக்குறதுக்கு, தூங்குறதே மேல்."

எல்லோரும் சிரித்தார்கள். நிவெஸும் சிரித்தாள். கிழவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

படம் தொடங்கியது. கதாநாயகன் வாயைத் திறந்தான். வந்தது வழக்கமான இத்தாலியன் இல்லை, ஆங்கிலம்.

"ஃபாதர்! இது அவன் குரலே இல்ல!" என்று யோலாண்டா எழுந்து கத்தினாள். "எவனோட குரலையோ போட்டு ஏமாத்துறாங்க!"

"இதுதாம்மா அவரோட சொந்தக் குரல். புதுசா சுத்தம் பண்ணின படம். கீழே இத்தாலியன்ல எழுத்து ஓடும், படிச்சுக்குங்க."

"அவன் குரல் எங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக் கேக்குறோம்!"

நிவெஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஊருக்குத் தெரிந்த அந்தக் குரல் அமெரிக்கனுடையது அல்ல. ரோமில் அவனுக்கு இத்தாலியனில் டப்பிங் பேசிய ஒரெஸ்தேயுடையது. கல்யாணமான புதிதில், நோயில் கிடந்த அக்காவைப் பார்த்துக்கொள்ள அவள் ரோமுக்குப் போன குளிர்காலத்தில், மாடியில் குடியிருந்தவன். வெயில் வந்ததும் அவள் புருஷனிடம் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூடச் சொன்னதில்லை.

ஒரெஸ்தே செத்துப்போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒரு போட்டோகூட அவளிடம் கிடையாது. மிச்சமிருந்தது இந்தப் படத்தில் அந்தக் குரல் மட்டும்தான். இன்றைக்கு அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

"உக்காரு. நான் படிச்சுச் சொல்றேன்."

எர்மெஸ் அவள் காதருகே குனிந்தார். காலமெல்லாம் மீன்பிடிப் படகில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். அதில் காதல் வசனம் கேட்க முதலில் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். படகுத்துறைக் காட்சி வந்தது. முற்றத்தில் எல்லோரும் குறட்டைக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"'திரும்பிப் பாக்காதே. பாத்தா நான் படகுலேர்ந்து இறங்கிடுவேன்'" என்று மெதுவாகச் சொன்னார் எர்மெஸ். கொஞ்சம் நிறுத்தினார். "'உன் பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு நானே சொல்லிக்குவேன்.'"

வார்த்தைக்கு வார்த்தை ஒரெஸ்தே பேசிய வசனம். அவன் மூச்சு விட்ட இடத்தில்கூட நிறுத்தினார். நிவெஸ் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருடைய கண்ணாடி வீட்டு மேஜைமேல் கிடக்கிறது. அது இல்லாமல் அவரால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது.

அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி இல்லை. கன்னம் ஈரமாக இருந்தது.

"எர்மெஸ்... இந்தக் காட்சியில நீ ஒரு தடவைகூடத் தூங்கினதில்லையா?"

"நான் முழிச்சிருந்தா நீ எப்படி அழுவே?" என்றார் அவர். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "ஒரெஸ்தே அளவுக்கு எனக்கு வராதுதான், நிவெஸ்."