கைகாட்டியில் இரண்டாவது பேர்

“மறுபடியும் சுரண்டிட்டாங்க!”

ஆப்பிள் தோட்டத்து முக்கில் இருந்த கைகாட்டியைப் பார்த்துவிட்டு வந்த வால்ட்ராட், சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள். மேலே ஊரின் ஜெர்மன் பேர் பத்திரமாக இருந்தது. கீழே இருந்த இத்தாலியப் பேரைத்தான் யாரோ கத்தியால் வழித்தெடுத்திருந்தார்கள். போன மாசம் இரண்டு தடவை இப்படி ஆனபோது, எந்தப் புண்ணியவானோ திரும்ப எழுதிவைத்திருந்தான்.

யாரோ சுரண்டினார்களாம், யாரோ! ஜெர்மன் மொழிக் காப்புச் சங்கத் தலைவர் எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டியும் புகைபோட்ட பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தார். அவள் புருஷன் இக்னாஸ்.

“ஞாயித்துக்கிழமை என்ன முழங்கினீங்க? ‘இந்த மலை இத்தாலி கைக்குப் போய் நூறு வருஷமாச்சு, நம்ம நாக்கு போகலை’ன்னு. கைதட்டுனவன் எல்லாம் இப்ப கத்தியோட திரியறான். இல்ல, நீங்களேதானா?”

“பேசினது நான். சுரண்டினது யாருன்னு எனக்கென்ன தெரியும்?”

“போன மாசம் சைக்கிள்ல வந்த நாலு இத்தாலிக்காரங்க ஊர்ப் பேரைக் காணாம மேட்டுப் பாதையில ஏறி, கல்குவாரி வரைக்கும் மிதிச்சு, நாக்குத் தள்ளி வேற விடுதிக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு வர்றது பன்னிரண்டு பேரு. ஆறு ரூம்! நம்ம விடுதிக்கு இந்த சீசனே அதுலதான் நிக்குது.”

“சைக்கிள் மிதிக்கத் தெரியுதில்ல? ஜெர்மனும் படிச்சுட்டு வரட்டும்.”

இக்னாஸ் நீல ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். அந்தப் பக்கத்து ஆம்பளைங்க தூங்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார்கள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“சங்க வேலை.”

“சங்கத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!”

நாலு மணிக்கு வாசலில் மணிச் சத்தம். பன்னிரண்டு சைக்கிளும் வந்து நின்றன. வால்ட்ராடுக்கு நம்பவே முடியவில்லை.

“வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?” என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

“இல்லையே! உங்க ஊர்ப் பேரு பெரிசா எழுதியிருக்கே. தொட்டேன், ஒட்டிக்கிச்சு!”

கூட்டத்துக்குத் தலைவியாக வந்த ஸனெல்லா அம்மா சிரித்துக்கொண்டே விரலைக் காட்டினாள். வெள்ளை பெயிண்ட்.

அவர்கள் குளிக்கப் போன பிறகு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு இக்னாஸ் உள்ளே வந்தார்.

“எவனோ துரோகி அந்தப் பேரைத் திரும்ப எழுதிட்டான்! அடுத்த கூட்டத்துல அவனைக் கிழிச்சுடறேன்!”

வால்ட்ராட் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“தாராளமா கிழிங்க. முதல்ல அந்த ஏப்ரனைக் கழட்டுங்க, பெயிண்ட் காயறதுக்குள்ள டர்பன்டைன்ல ஊறப்போடணும். போன மாசம் காணாமப் போன ரெண்டு ஏப்ரனையும் ஒளிச்சு வச்ச இடத்திலேர்ந்து எடுத்துட்டு வந்துடுங்க.”